முதல் மடக்குச் சவரக்கத்தி: எதை வாங்குவது?

கேள்வி, ஜனவரி 6

சில வருடங்களாக இரட்டை முனை பிளேடு போட்ட ரேசரில்தான் ஷேவ் செய்கிறேன். அடுத்து மடக்குக் கத்திக்குப் போகலாம் என்று ஆசை. விசாரித்தால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவர், மலிவாகக் கிடைக்கும் சீனத்து கோல்டு டாலரை வாங்கிப் பழகு என்கிறார். இன்னொருவர், ஜெர்மனியின் சோலிங்கன் ஊர்க் கத்தி வாங்கு, இல்லையென்றால் இந்தப் பக்கமே வராதே என்கிறார். மூன்றாமவர், பிளேடு மாற்றிப் போடும் ஷேவெட் வாங்கினால் தீட்டும் தொல்லையே இல்லை என்கிறார். கூடவே தீட்டும் கல், கத்தியை இழுத்துச் சீராக்கும் தோல்வார், பசை என்று நீளமான பட்டியல். எதை முதலில் வாங்குவது? கொம்புப் பிடி போட்ட அழகான கத்தி ஒன்றின் மேல் கண் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜனவரி 6, இரவு

கத்தியின் பெயரை விடுங்கள். அதற்குக் கூர் வைத்தது யார் என்று கேளுங்கள். என் பதில் இவ்வளவுதான்.

இந்தப் பக்கம் வந்துவிட்டுப் பாதியில் ஓடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கை வராமல் ஓடுகிறவர்கள் குறைவு, மொண்ணைக் கத்தியோடு மல்லுக்கட்டிச் சலித்து ஓடுகிறவர்கள்தான் அதிகம். பெட்டியிலிருந்து புதிதாக எடுக்கும் கத்தி தாளைக் கிழிக்கும், முன்கை முடியைக்கூட எடுக்கும், ஆனால் முகத்தில் வைத்தால் பிடுங்கும். பெயர் பெற்ற ஐரோப்பியத் தயாரிப்புகளிலும் பல இப்படித்தான் வருகின்றன. நல்ல கூர் எப்படி இருக்கும் என்று முன்பின் தெரியாதவருக்குக் கத்தி மோசமா, தன் கை மோசமா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. தோலெல்லாம் எரிச்சலோடு, "எனக்கு இது ஒத்து வராது" என்று முடிவு கட்டிவிடுவார்.

அதனால் முதல் கத்தியை, கையால் கல்லில் தீட்டி, தானே முகத்தில் வைத்துப் பார்த்து அனுப்புகிற ஒருவரிடமிருந்து வாங்குங்கள். விற்பவரிடம் எந்தக் கல்லில் முடித்தீர்கள், கடைசியாக எப்போது தீட்டினீர்கள் என்று இரண்டே கேள்வி போதும். தீட்டுகிறவர் என்றால் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாமல் பேசுவார். "ஃபேக்டரி ஷார்ப்" என்று இரண்டு சொல்லில் முடித்தால் அங்கே வாங்க வேண்டாம், அல்லது வாங்கிய கையோடு தீட்டக் கொடுத்துவிடுங்கள்.

கல் இப்போது வேண்டாம். முதல் நாளே கத்தியும் தோல்வாரும் வேண்டும், அதில் பேச்சே இல்லை.

ஜனவரி 7

அளவு, வடிவம் பற்றிக் கேட்டு இரண்டு பேர் தனியாக எழுதியிருக்கிறார்கள். எல்லோருக்குமாக இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கத்தியின் அகலத்தை அங்குலத்தில் எட்டில் எத்தனை என்று சொல்வது வழக்கம். 4/8 ஒல்லி, 8/8 என்றால் முழு அங்குலம், பார்க்கவே கறிக்கத்தி மாதிரி இருக்கும். முதல் கத்திக்கு 5/8 அல்லது 6/8. ஐந்து எட்டு என்பது கிட்டத்தட்ட 16 மில்லிமீட்டர், ஆறு எட்டு 19. இதற்குக் குறைந்தால் நுரையைத் தாங்க இடம் இல்லாமல் விரலெல்லாம் வழியும், கூடினால் மூக்குக்குக் கீழே கொண்டுபோக வித்தை தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் குழிவு. கத்தியை நுனிப்பக்கம் இருந்து பார்த்தால் முதுகிலிருந்து வாய்வரை, அதாவது வெட்டும் விளிம்புவரை, இரண்டு பக்கமும் உள்வாங்கி இருக்கும். நன்றாக உள்வாங்கி மெல்லிசாக இருந்தால் ஃபுல் ஹாலோ, பாதி என்றால் ஹாஃப் ஹாலோ, உள்வாங்காமல் ஆப்பு போலவே இருந்தால் வெட்ஜ். ஃபுல் ஹாலோ முடியை வெட்டும்போது சத்தம் போடும், ஒரு மெல்லிய ரீங்காரம். எனக்கு அந்தச் சத்தம் பெரிய வாத்தியார். கோணம் சரியாக இருக்கும்போது ஒரு மாதிரி கேட்கும், முதுகு தூக்கிக்கொண்டால் சுரண்டுகிற சத்தமாக மாறிவிடும். வெட்ஜ் ஊமை. முரட்டுத் தாடியை அசராமல் எடுக்கும், ஆனால் உங்களிடம் ஒன்றும் பேசாது, கல்லில் தீட்டவும் அதிக உழைப்பு கேட்கும். ஹாஃபிலிருந்து ஃபுல்வரை எது கிடைத்தாலும் சரி.

நுனி மட்டும் வட்டமாக இருக்கட்டும். சதுர நுனி மீசை ஓரத்தைக் கோடு போட்ட மாதிரி எடுக்கும். காது மடலையும் அதே மாதிரி எடுக்கும்.

ஜனவரி 9

ஷேவெட் ஆதரவாளர்கள் கோபமாக இருக்கிறார்கள். சரி, பேசுவோம்.

ஷேவெட்டில் இரட்டை முனை பிளேடைப் பாதியாக உடைத்துச் செருகுகிறோம். முடிதிருத்தும் கடைகளில் அது வந்ததற்குக் காரணம் ரத்தம் வழியே பரவும் நோய்கள். ஒருவர் முகத்தில் போன கத்தி இன்னொருவர் முகத்துக்குப் போகக்கூடாது என்பது முழுக்க நியாயம். ஆனால் உங்கள் வீட்டில் உங்கள் முகம் ஒன்றுதான் இருக்கிறது.

"ஷேவெட்டில் பழகிவிட்டு அப்புறம் உண்மைக் கத்திக்குப் போ" என்ற வாதம்தான் எனக்கு உடன்பாடில்லாதது. இரண்டும் பார்க்க ஒன்று போல இருப்பதால் வரும் குழப்பம் இது. ஷேவெட் எடை இல்லாதது, பிளேடு மெல்லியது, இரண்டு மூலையும் கூர். அந்த வாய் துளி அலட்சியத்தைக்கூட மன்னிக்காது. கல்லில் தீட்டிய கத்திக்கு ஒரு கனம் உண்டு, அந்தக் கனமே பாதி வேலையைச் செய்துவிடும். கனமான கத்தியிலிருந்து ஷேவெட்டுக்கு இறங்கியவர்கள்தான் முதல் வாரத்தில் படிகாரக் கட்டியைத் தேடுகிறார்கள். பழகுவதற்கு என்று எடுத்துக்கொண்டால் ஷேவெட் கடினமான பாதை, சுலபமான பாதை இல்லை.

அதற்காக ஷேவெட் மட்டம் என்று சொல்லவில்லை. ஒரு வாரம் ஆசையைச் சோதித்துப் பார்க்க வேண்டும், தோல்வாருக்குச் செலவு செய்ய மனமில்லை என்றால் அதுதான் வழி. ஜப்பானிய ஃபெதரின் ஆர்ட்டிஸ்ட் கிளப் வகையில் பிளேடை உடைக்க வேண்டியதில்லை, கையில் கனமும் இருக்கும், காப்பு போட்ட புரோகார்டு பிளேடும் அதற்குக் கிடைக்கிறது. சோதிப்பவர் அங்கே ஆரம்பிக்கலாம்.

ஜனவரி 9, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "அப்படியானால் நீங்கள் ஷேவெட்டே வைத்திருக்கவில்லையா?" என்று கேட்கிறார். வைத்திருக்கிறேன். பயணத்துக்கு. விமானத்தில் மடக்குக் கத்தியைக் கைப்பையில் விடமாட்டார்கள், ஷேவெட்டையும் பிளேடோடு விடமாட்டார்கள். பிளேடு இல்லாத வெறும் பிடியை எடுத்துக்கொண்டு போய் இறங்கிய இடத்தில் பிளேடு வாங்கிக்கொள்கிறேன். அதிலும் பரிசோதிப்பவர் முகத்தைப் பொறுத்துத்தான் விதி, அதனால் நிச்சயம் வேண்டுமென்றால் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள்.

ஜனவரி 12

கோல்டு டாலர். இதற்காகவே காத்திருந்தீர்கள் என்று தெரியும்.

உருக்கு மோசமில்லை. இதை நம்ப மறுப்பவர்கள் நிறையப் பேர், ஆனால் ஒழுங்காகத் தீட்டிய கோல்டு டாலர் 66-ஐக் கண்ணை மூடிக்கொண்டு முகத்தில் வைத்தால் எந்த நாட்டுக் கத்தி என்று என்னால் சொல்ல முடியாது. சிக்கல் உருக்கில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது.

கத்தியைத் தீட்டும்போது முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படும். சமையல் கத்தி மாதிரி கோணத்தைக் கையால் பிடிக்க வேண்டியதில்லை. முதுகின் தடிமனும் கத்தியின் அகலமும் சேர்ந்து கோணத்தைத் தாமே தீர்மானித்துவிடும். இந்த ஏற்பாடு ரொம்ப அழகானது, ஆனால் முதுகு ஒழுங்காக இருந்தால்தான் வேலை செய்யும். மலிவுக் கத்தியில் முதுகு ஓர் இடத்தில் தடிமனாக, ஓர் இடத்தில் மெலிந்து, சில நேரம் லேசாக முறுக்கிக்கொண்டும் வரும். போதாததற்குப் பிடிப்பக்கத்தில் கத்தி முடிகிற இடத்தில் ஒரு தோள் புடைத்துக்கொண்டு நிற்கும். அது கல்லின் மேல் ஏறி நின்றுவிட்டால் வாய் கல்லைத் தொடவே தொடாது. தெரிந்தவர்கள் முதலில் அந்தத் தோளைத் தேய்த்து எடுத்துவிட்டு, அப்புறம்தான் தீட்டவே உட்காருவார்கள்.

ஆக, தீட்டக் கற்றுக்கொள்ள வாங்குகிறீர்களா, கெட்டால் கெடட்டும் என்று? தாராளமாக வாங்குங்கள். ஷேவ் செய்யக் கற்றுக்கொள்ள வாங்குகிறீர்களா? அப்படியானால் வடிவைத் திருத்தித் தீட்டிக் கொடுப்பவரிடமிருந்து மட்டும். இரண்டையும் ஒரே கத்தியில் ஒரே மாதத்தில் கற்றுக்கொள்கிறேன் என்பவரை என்னால் தடுக்க முடியாது, ஆனால் எங்கே பிழை என்று அவராலும் கண்டுபிடிக்க முடியாது.

சோலிங்கன் மோகத்துக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பெயருக்கு ஜெர்மனியில் 1938-லேயே சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது, முக்கியமான வேலைகள் அந்த ஊர் எல்லைக்குள் நடந்தால்தான் பெயரைப் பொறிக்கலாம். டோவோ, போக்கர், ரால்ஃப் ஆஸ்ட் எல்லாம் அந்த ஊர்தான். பிரான்சில் தியேர் ஊரிலிருந்து தியேர்-இஸ்ஸார் வருகிறது. இவற்றில் எதை வாங்கினாலும் வடிவத்தில் ஏமாற வாய்ப்புக் குறைவு. பெயருக்கு நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அந்த நேரான முதுகுக்குத்தான் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூர் தனிக்கணக்கு.

ஜனவரி 13

கொம்புப் பிடி பற்றிப் பதில் வரவில்லை என்று நினைவூட்டல் வந்திருக்கிறது. கொம்பு அழகு, கையில் இதமாக இருக்கும். ஆனால் தண்ணீரில் ஊறி ஊறிக் காய்ந்தால் கோணிக்கொள்ளும், பூச்சியும் அரிக்கும். பிடி கோணினால் மடக்கும்போது வாய் பிடியின் உள்பக்கத்தில் இடித்து, கூர் அங்கேயே போய்விடும். முதல் கத்திக்குப் பிளாஸ்டிக் பிடி. அழகை இரண்டாவது கத்திக்கு வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது கத்தி வராமல் இருக்கப்போவதில்லை.

ஜனவரி 20

தோல்வார் பற்றி விரிவாக எழுதச் சொன்னார்கள். ஒவ்வொரு ஷேவுக்கு முன்னும் கத்தியை இதில் இழுக்க வேண்டும். இங்கே புதிதாகக் கூர் உண்டாவதில்லை, ஏற்கெனவே உள்ள கூர் நேராகி ஒழுங்குபடுகிறது.

முதல் வாருக்குப் பெரிய செலவு வேண்டாம். மூன்று அங்குல அகலம் இருந்தால் கத்தி முழுசாகப் படும். இரண்டு அங்குலம் என்றால் இழுக்கும்போதே குறுக்காகவும் நகர்த்த வேண்டியிருக்கும், அது அடுத்த பாடம். ஒரு பக்கம் துணி, ஒரு பக்கம் தோல் என்று வருவதை வாங்குங்கள். முதலில் துணியில் இருபது தடவை, அப்புறம் தோலில் நாற்பது, ஐம்பது. எண்ணிக்கை வேதவாக்கு இல்லை, ஒரே மாதிரி இழுப்பதுதான் முக்கியம்.

முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னே வர வேண்டும். கல்லில் இதற்கு நேர் எதிர், அங்கே வாய் முன்னே போகும். கோடியில் திருப்பும்போது கத்தியை எடுக்காமல், முதுகு வாரிலேயே இருக்க, முதுகின் மேல் உருட்டித் திருப்புங்கள். வாயின் மேல் உருட்டினால் வாரும் போச்சு, கூரும் போச்சு. புதிதாகப் பழகுகிறவர் வாரை வெட்டாமல் விடுவதில்லை, அதனால்தான் முதலில் விலை குறைந்தது. வாரை இறுக்கிப் பிடியுங்கள். தொய்ந்திருந்தால் தோல் வாயைச் சுற்றி மேலே வந்து, கூரை உருட்டிவிடும். வேகம் காட்டவே காட்டாதீர்கள். திரைப்படத்தில் சடசடவென்று தீட்டுகிறவர் அடுத்த காட்சியில் யாரையாவது கொல்லப்போகிறார், நாம் ஷேவ் செய்யப்போகிறோம்.

எனக்கு இடக்கையால் வாரைப் பிடித்து வலக்கையால் இழுப்பதைவிட, வாரைச் சுவரில் இடுப்பு உயரத்தில் கட்டிவிட்டுப் பக்கவாட்டில் நின்று இழுப்பது வசதியாக இருக்கிறது. மணிக்கட்டு அசையாமல் விரல்களிலேயே கத்தி திரும்பும். கைக்குக் கை மாறும், செய்து பாருங்கள்.

ஜனவரி 23

மேலே "கல் இப்போது வேண்டாம்" என்று எழுதியதை ஒருவர் பிடித்துக்கொண்டு, பசையாவது வேண்டாமா என்கிறார். பச்சை நிறத்தில் வருகிற குரோமியம் ஆக்சைடு பசையைத் தனி வாரிலோ பால்சா மரத் துண்டிலோ மெலிதாகத் தடவி வைத்துக்கொண்டால், கூர் தளரும்போது பத்துத் தடவை இழுத்தால் மீண்டு வரும். அது சரி. ஆனால் அன்றாட வாரில் தடவாதீர்கள், கழுவி எடுக்க முடியாது. அடிக்கடி பசையில் இழுத்தால் வாய் கொஞ்சம் கொஞ்சமாக உருண்டு, ஒரு நாள் கல்லில் அடியிலிருந்து தொடங்க வேண்டியதாகிவிடும். வாங்கி வையுங்கள், பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

பிப்ரவரி 2

பழைய கத்தி. எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளும்.

ஜில்லெட் 1904-இல் பாதுகாப்பு ரேசருக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு மெல்ல மெல்ல மடக்குக் கத்திகள் அலமாரிக்குள் போய்விட்டன. அவற்றில் நிறைய இன்னும் நன்றாகவே இருக்கின்றன. நான் தினமும் எடுப்பது அப்படி வந்த ஒரு இங்கிலாந்து ஷெஃபீல்டு கத்திதான், வெட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கும், புதிதாக வருபவருக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். ஆனால் பழைய சோலிங்கன் 5/8 ஒன்று, தெரிந்தவர் தீட்டிக் கொடுத்தால், அதே பணத்தில் வாங்கும் புதுக் கத்தியைவிட மேல் என்பது என் கட்சி.

படத்தைப் பார்த்து வாங்கும்போது முதலில் வாயைப் பாருங்கள். வாய் நேராக இருக்கலாம், நடுவில் லேசாக வெளியே வளைந்து புன்னகை மாதிரியும் இருக்கலாம். உள்ளே வளைந்திருந்தால் விட்டுவிடுங்கள், அதைச் சரிசெய்ய நிறைய உருக்கைத் தேய்த்தெடுக்க வேண்டும். அடுத்து முதுகு. அதில் தட்டையாகத் தேய்ந்த பட்டை ஒரே அகலத்தில் மெலிதாக இருந்தால் நல்லது. ஒரு கோடியில் அகலமாக, மறுகோடியில் காணாமல் இருந்தால் யாரோ வருடக்கணக்கில் கோணலாகத் தீட்டியிருக்கிறார்கள். மேலே கறை, கருமை இருந்தால் கவலை இல்லை, வாயை ஒட்டிக் குழிகுழியாகத் துரு இருந்தால் வேண்டாம். தீட்டத் தீட்ட அந்தக் குழி வாய்க்கு வந்து சின்னச் சின்ன விள்ளலாக மாறும். மயிரிழை விரிசல் இருந்தால் பேச்சே இல்லை, குப்பைதான்.

கண்ணாடி மாதிரிப் பளபளக்கிற பழைய கத்தியைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். மெஷின் சக்கரத்தில் மெருகு ஏற்றும்போது அந்த மெல்லிய வாய் சூடாகிப் பதம் போயிருக்கலாம். வாங்குகிறவர் கண்ணுக்கு அழகு, கூர் நாலு நாள்கூட நிற்காது. அப்படி ஒன்று என்னிடமும் வந்து சேர்ந்தது. விற்றவர் படத்தை வெகு சிரத்தையாக எடுத்திருந்தார், கத்தியைப் பற்றி அவ்வளவு சிரத்தை எடுக்கவில்லை.

பிடி செல்லுலாய்டு என்றால் கவனம். அந்தப் பொருள் வயதானால் அழுகத் தொடங்கும், அப்போது வெளிவிடும் அமில ஆவி கத்தியைப் பிடி மூடுகிற இடத்தில் மட்டும் அரித்துத் தின்னும். கற்பூர நெடி, வெடிப்பு, பிடிக்குள் புதுத் துரு, இதில் எது இருந்தாலும் மற்ற கத்திகளுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது. தந்தப் பிடியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்காதீர்கள், தந்த வணிகத்துக்குப் பன்னாட்டு ஒப்பந்தத் தடை இருக்கிறது, பழசு என்று சொன்னாலும் சுங்கத்தில் மாட்டும்.

பிப்ரவரி 3

நேற்றைய குறிப்பின் வால். அமெரிக்காவில் 1890-இல் வந்த மெக்கின்லி சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. அதனால் கத்தியின் கழுத்தில், அதாவது வாய் முடிந்து பிடி தொடங்குமுன் உள்ள பகுதியில், "இங்கிலாந்து", "ஜெர்மனி" என்று நாட்டுப் பெயர் பொறித்திருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. பெயர் இல்லாததாலேயே முந்தையது என்று அடித்துச் சொல்ல முடியாது, அமெரிக்காவுக்குப் போகாத கத்திகளும் உண்டு. ஷேவுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. ஆனால் இதைத் தெரிந்துகொண்ட பிறகு எந்தக் கத்தியைப் பார்த்தாலும் கழுத்தைத்தான் முதலில் பார்ப்பீர்கள்.

பிப்ரவரி 11

கார்பன் உருக்கா, துருப்பிடிக்காத உருக்கா என்ற சண்டை நேற்று இரவு முழுக்க நடந்திருக்கிறது. நான் தூங்கிவிட்டேன்.

கார்பன் என்பதுதான் என் வழக்கமான பதில். கல்லில் சீக்கிரம் வழிக்கு வரும், பழைய கத்திகளில் பெரும்பாலானவை அதுதான். ஆனால் ஈரம் வற்றாத, காற்றோட்டம் இல்லாத குளியலறை உள்ளவர் சொல்லும் வாதத்தை யோசித்துப் பார்த்தால், அவருக்கு ஸ்டெயின்லெஸ்தான் சரி என்று படுகிறது. ஜெர்மன் நிறுவனம் ஹெங்கெல்ஸ் பழைய நாளில் போட்ட ஃபிரியோடர் அந்த வகைதான், அதைத் தீட்டக் கொஞ்சம் பொறுமை வேண்டும், தீட்டிவிட்டால் நாள்பட நிற்கும். எதுவானாலும் துடைக்காமல் மடக்கி வைக்கக்கூடாது. வாயைக் குறுக்காகத் துடைக்காமல் முதுகிலிருந்து வாய்ப்பக்கமாகத் துணியைக் கொண்டுபோங்கள். கழுத்துக்கும் பிடிக்கும் நடுவில் தங்கும் தண்ணீரைத் திசுத்தாளால் ஒற்றி எடுங்கள். சில நாள் தொடமாட்டீர்கள் என்றால் மினரல் எண்ணெய் ஒரு துளி. குளியலறைக்கு வெளியே வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பிப்ரவரி 26

கேள்வி கேட்டவர் வாங்கிவிட்டார். பழைய 6/8, ஹாஃப் ஹாலோ, வட்ட நுனி, தீட்டியது. கொம்புப் பிடியாம். சரி, நான் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் சில ஷேவுக்குக் கன்னம் மட்டும் போதும், மிச்சத்தைப் பழைய ரேசரில் முடியுங்கள். முழு முகத்தையும் முதல் நாளே முடிக்க வேண்டும் என்று யாரும் பந்தயம் கட்டவில்லை. வெந்நீரில் தாடி நன்றாக ஊறட்டும், நுரை காய்ந்தால் மறுபடி பிரஷ்ஷை எடுங்கள். முடி போகிற திசையிலேயே இழுங்கள், எதிர்ப்போக்கு இப்போதைக்கு வேண்டாம். முதுகு தோலிலிருந்து சுமார் 30 பாகை தூக்கி இருக்கட்டும், மற்றக் கை தோலை இழுத்துப் பிடிக்கட்டும். இந்த மற்றக் கைதான் உண்மையில் ஷேவ் செய்கிறது, கத்தி சும்மா கூடப் போகிறது. அழுத்தாதீர்கள். கத்தி வாயின் நீளவாக்கில், அதாவது பக்கவாட்டில், ஒரு மில்லிமீட்டர்கூட நழுவவிடாதீர்கள், வெட்டு எல்லாம் அங்கேதான் விழுகிறது. மோவாயும் மேலுதடும் கடைசியில் வரும் பாடம்.

இடப் பக்கத்துக்கு இடக்கை, வலப் பக்கத்துக்கு வலக்கை. முதலில் கோமாளித்தனமாக இருக்கும். ஒரே கையால் முகத்தைச் சுற்றி வளைத்துப் பழகியவர்கள் பின்னால் மாற்றிக்கொள்ளக் கஷ்டப்படுகிறார்கள், நானே அவர்களைப் பார்த்துத்தான் இரண்டு கைக்கு வந்தேன்.

மார்ச் 8

"கன்னம் வழுவழு, தாடைக்குக் கீழே பிடுங்குகிறது, கூர் போய்விட்டதா?"

இல்லை. கூர் போயிருந்தால் கன்னத்திலும் பிடுங்கும். தாடைக்குக் கீழே முடி வேறு திசையில் போகும், சிலருக்குச் சுழியே இருக்கும். இரண்டு நாள் தாடியோடு விரலால் தடவிப் பார்த்து எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அதோடு தோலைக் கழுத்தெலும்பு வரை கீழே இழுத்துப் பிடித்தீர்களா? வெறும் தலையை அண்ணாந்தால் போதாது. இதற்குப் பிறகும் பிடுங்கினால் கோணத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள். ரொம்பப் படுத்தால் முடி மேல் வழுக்கி இழுக்கும், ரொம்பத் தூக்கினால் தோலைச் சுரண்டும்.

கூரைச் சோதிக்கக் கட்டைவிரல் நகத்தில் இழுக்கச் சொல்லி யாரோ மேலே எழுதியிருக்கிறார். தீட்டி முடித்த வாயை நகத்தில் இழுத்தால் அந்தக் கூரை நீங்களே அழிக்கிறீர்கள். அது கல்லின் முதல் கட்டத்தில் மட்டும் செய்வது. முன்கை முடியைத் தோலில் படாமல் மேலாக வாரிப் பாருங்கள், நுனி நுனியாக வெட்டுப்பட்டால் கூர் இருக்கிறது. தலைமுடி ஒன்றைத் தொங்கவிட்டு வாயில் தொடுகிற சோதனை வேடிக்கைக்கு நல்லது, ஆனால் முடிக்கு முடி மாறும். என் தலைமுடியில் தேறுகிற கத்தி இன்னொருவர் தலைமுடியில் தோற்கும்.

மார்ச் 9

அந்தக் காலத்தில் ஏழு கத்திகளை ஒரே பெட்டியில், முதுகில் ஒவ்வொரு கிழமையின் பெயரையும் பொறித்து விற்றார்கள். ஞாயிற்றுக்கிழமை கத்தி மட்டும் காணாமல் போன ஒரு பெட்டியை ஒருவர் காட்டி, வாங்கலாமா என்கிறார். வாங்குங்கள், ஞாயிறு லீவு.

ஏப்ரல் 19

மறுபடி எப்போது தீட்டுவது என்று முதலில் கேள்வி கேட்டவர் கேட்டிருக்கிறார். வழக்கம்போல வாரில் இழுத்த பிறகும் கன்னத்திலேயே இழுவை தெரிந்தால் முதலில் பச்சைப் பசையில் பத்து இழுப்பு. ஆம், பெட்டிக்குள் இருக்கச் சொன்னேனே, அதேதான், இப்போது வெளியே எடுக்கலாம். அப்புறம் வெறும் வாரில் வழக்கமான எண்ணிக்கை. ஒன்றிரண்டு முறை இப்படி மீளும். மீளாதபோது கல்.

கல் வாங்க ஆசை வந்திருக்கும், தெரியும். கல்லின் எண் கூடக் கூட அது நுண்ணியது. 1000-இல் வாயை அமைத்து, 4000, 8000 என்று ஏறி, 12000-இலோ பெல்ஜியத்துக் கொட்டிக்யூல் மாதிரி இயற்கைக் கல்லிலோ முடிப்பது பொதுவான வழி. தளர்ந்த கூருக்கு அடியிலிருந்து போக வேண்டியதே இல்லை, கடைசிக் கல் மட்டும் போதும். கற்றுக்கொள்வதானால் அந்தக் கடைசிக் கல்லை மட்டும் வாங்குங்கள். தீட்டுமுன் வாயோரத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசி, ஒரு தடவை லேசாக இழுத்துப் பாருங்கள். மை எங்கே போகவில்லையோ அங்கே கல் படவில்லை. பழகுவதற்கு இந்த 6/8 வேண்டாம், அந்தக் கோல்டு டாலரை இப்போது வாங்கலாம்.

இந்தத் தடவைக்கு, யாரிடம் வாங்கினீர்களோ அவரிடமே அனுப்பிவிடுங்கள். அனுப்பும்போது எண்ணெய் தடவி, மடக்கி, தானாகத் திறக்காதபடி பிடியைச் சுற்றித் தாள் சுருட்டி ஒட்டுங்கள். ரப்பர் பேண்டு போடாதீர்கள், அது கார்பன் உருக்கில் கறை விடும். உள்ளே ஒரு சீட்டில், தாடைக்குக் கீழே பிடுங்குகிறதா கன்னத்திலா என்று எழுதி வையுங்கள், தீட்டுகிறவருக்கு உதவும்.